அண்ணன் செய்த சிவப்பு லேசர்

என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில், கைத்தொலைபேசி உறை விற்கிற கடைகளின் முன்னால் சாவிக்கொத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தக் குட்டி லேசர் விளக்கு. பொத்தானை அழுத்தினால் சிவப்புப் பொட்டு ஒன்று எங்கேயோ போய் உட்காரும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் எல்லாரும் என்ன ஆட்டம் ஆடினீர்கள்! கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் முதுகில், தூங்குகிற பூனையின் மூக்குக்கு முன்னால், பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் வழுக்கையில். கட்டொழுங்கு ஆசிரியர் பறித்து வைத்த லேசர்களே ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. நான் மட்டும் அந்தக் கூத்தில் சேர்ந்ததில்லை. அதில் அப்படி என்ன இருக்கிறதென்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இப்போது முப்பத்தைந்தைத் தொடப்போகிறோம். அதற்குள் தலையில் நரை, சட்டைப் பையில் பிரஷர் மாத்திரை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உங்களில் ஒருவன் கேட்டான்: “ஏன்லா, உன் பெரியப்பா மகன் வந்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறே? அப்படி என்னலா சண்டை?” சண்டை எதுவும் இல்லை. அது பொறாமை. அது ஒரு வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் தொடங்கியது.

அந்த வருடம் நான் ஃபாரம் டூ முடித்திருந்தேன், பதினாலு வயது. எங்கள் தோட்டம் சுவா என்கிற சின்ன ஊரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகு காலம் ஆகியிருந்தது. அப்பா சி ரூசா கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இரவுக் காவல். விடிந்த பிறகு வந்து படுப்பார். அதனால் எங்கள் வீட்டில் பகல் முழுக்க எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசுவோம். அம்மா தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்புவார். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். முன் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வது என் மாமா. அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை.

அக்காவும் நானும் அதுவரை இணைபிரியாதவர்கள். கால்வாயில் இறங்கிச் சண்டை மீன் பிடித்துப் பழைய ஜாம் பாட்டில்களில் வளர்த்தோம். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அட்டை வைப்போம், ஒன்றையொன்று பார்த்துச் சிலிர்த்துக்கொண்டே செத்துப்போகாமல் இருக்க. அதில் ஒரு மீனை அக்கா ‘சிவப்பன்’ என்பாள். எனக்கு அது அழுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ‘கறுப்பன்’ என்பேன். “எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசணும் உனக்கு” என்று தலையில் குட்டுவாள். அது விளையாட்டுக் குட்டு. வலிக்காது.

மாமா விஷயம் வேறு. தோட்டத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: காய்வெட்டி. முன்பு அவர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலை வெட்டுகிற வேலையில் இருந்தவர். நல்ல உடம்பு, நல்ல வேகம். ஆனால் பழுத்த குலையோடு காய்க் குலையையும் வெட்டித் தள்ளினார் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். சீக்கிரம் எண்ணிக்கை காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற கள்ளத்தனம் என்று பேர் ஆகிவிட்டது. பிறகு முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. சாயங்காலம் அவர் மேலிருந்து மருந்து வாடை வரும். அந்த வாடையோடு நான் அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிவேன். “அப்படியே மாமனை உரிச்சு வச்சிருக்கான்” என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். மாமாவைப் பிடிக்காதவர்கள் அதையே வேறு தொனியில் சொல்வார்கள்.

இந்த வீட்டுக்குள்தான் அண்ணன் வந்தான்.

பெரியப்பா மகன். மம்பாவில் வீடு. பள்ளிக் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான். பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவனை எங்களிடம் அனுப்பினார்கள். துணிப்பை ஒன்றும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றுமாக டாக்சியிலிருந்து இறங்கினான். பெட்டி நிறைய உயிர் போன டிவிடி ரைட்டர்கள். சிரம்பானில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் முந்தின விடுமுறைகளில் வேலை செய்தவன், குப்பைக்குப் போகிறதைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

“இதை வச்சு என்ன அண்ணே செய்வீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“லேசர்” என்றான். “பாசார் மாலாம் லேசர் இல்ல. நெருப்புக்குச்சியைப் பத்தவைக்கிற லேசர்.”

அவ்வளவுதான். அன்றைக்கு என் அக்காவை நான் இழந்தேன்.

மறுநாள் காலையிலேயே பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் ஒரு ரைட்டரைத் திருகிப் பிரிப்பான். உள்ளே இரண்டு மெல்லிய கம்பிகள் மேல் தண்டவாளத்து வண்டிபோல ஓடுகிற சின்னச் சதுரம் இருக்கும். அதன் வயிற்றில் உளுந்தளவில் பளபளப்பாக ஓர் உலோகத் துண்டு. அதுதான் வெளிச்சம் தருவது. உடம்பில் இருக்கிற மின்சாரம் பட்டாலே அது செத்துவிடுமாம். அதனால் அண்ணன் மணிக்கட்டில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி அதன் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டிக்கொண்டான். அக்காவுக்கும் ஒன்று கட்டிவிட்டான். ஒரே முளையில் கட்டிய இரண்டு ஆட்டுக்குட்டிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது கம்பி இல்லை. இருந்திருக்கும். அவன் வெட்டவில்லை.

ஈயம் உருகும் வாசனை அந்த விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் இருந்தது. இப்போதும் எங்காவது ரிப்பேர் கடையில் அந்த வாசனை வந்தால் நான் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன்.

ஒவ்வொரு ரைட்டரிலும் இரண்டு துண்டுகள் கிடைத்தன. அதில் ஒன்றை அண்ணன் குறட்டால் நசுக்கி எறிந்துவிடுவான். “இது சிடிக்கு. இதோட வெளிச்சம் நம்ம கண்ணுக்குச் சரியாத் தெரியாது. தெரியலையேன்னு உள்ள எட்டிப் பார்த்தா கண்ணு போயிடும்.”

“வெளிச்சம் எப்படி அண்ணே தெரியாம இருக்கும்?” அக்கா வாயைப் பிளந்தாள்.

“மனுசக் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்குலா. அதுக்கு அந்தாண்ட போனா இருக்கும், ஆனா தெரியாது.”

நான் வாசற்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தேன். “தெரியாத வெளிச்சமாம்! நல்லா கதை விடறாரு.” இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் அம்மா அண்ணனுக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்தார். “ஊருப் புள்ள, மெலிஞ்சு கெடக்கு” என்றார். ஜாம் பாட்டில்களில் தண்ணீர் மாற்ற அக்கா வரவில்லை. நானும் மாற்றவில்லை. அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் சிவப்பன் என்கிற கறுப்பன் செத்து மிதந்தது. அவள் அதைக் கேட்கக்கூட இல்லை.

பல துண்டுகள் செத்த பிறகு ஒன்று பிழைத்தது. அதை ஒரு பலகையில் பொருத்தி, முன்னால் லென்சு வைத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடத்தில் எல்லாரையும் கூட்டினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கொசுவத்திப் புகை மிதந்தது. “யாரும் முன்னால வராதீங்க. கண்ணாடி, தட்டு எல்லாம் எடுத்துடுங்க சித்தி” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

“ஐயோ!” என்றார் அம்மா. “கம்பிய இழுத்துக் கட்டின மாதிரில்ல நிக்குது!”

பிள்ளைகள் கத்தினார்கள். அக்கா கைதட்டிக் குதித்தாள். நான் புகையைப் பார்த்தேன். புகை இருந்தது. கம்பி எதுவும் இல்லை. எதிர்ச் சுவரில் காப்பிக் கறை மாதிரி மங்கலாக ஒரு வட்டம், அவ்வளவுதான். அண்ணன் ஒரு நெருப்புக்குச்சியை நீட்டினான். அது பற்றிக்கொண்டது. ஒரு கறுப்பு பலூனைப் பிடித்தான். டப்பென்று வெடித்தது. பலூன் வெடித்தது நிஜம். ஆனால் அதைத் தொட்டது எதுவும் என் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் இது ஏமாற்று வேலை என்று முடிவு கட்டினேன்.

“கையில ஊசி வச்சிருக்காரு!” என்று கத்தினேன். “அங்க ஒண்ணுமே இல்ல. சும்மாலா!”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “வயித்தெரிச்சல் புடிச்சவனே, வாய மூடு” என்றார். அம்மா சொன்னதில் பாதி சரி. வயிறு எரிந்த அந்தப் பாதிக்காகவே, எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. கதவருகில் நின்ற மாமாவைப் பார்த்தேன், அவராவது என் பக்கம் பேசுவார் என்று. “நல்லாருக்கு தம்பி” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அண்ணனிடம் பச்சை லேசர் ஒன்றும் இருந்தது. கூட்டாளியிடம் இரவல் வாங்கியது. கடையில் விற்பது, பேனா மாதிரி இருக்கும். ஒருநாள் மழை விட்ட சாயங்காலத்தில் வாசலில் நின்று அதைச் செம்பனைத் தோப்புப் பக்கம் அடித்தான். ஈரக் காற்றில் ஒரு வாள் நீண்டது. ஓலை ஓலையாகத் தொட்டுக்கொண்டு போய்க் கடைசி மரத்தின் கழுத்தில் குத்தி நின்றது. அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“இதுதான் அண்ணே லேசர்!” என்றேன், என்னையும் மீறி.

அவன் சிரித்தான். “இது சும்மா பொடிப்பய தம்பி. பலமே இல்ல. பலூன்கூட வெடிக்காது. மனுசக் கண்ணுக்குப் பச்சைன்னா ரொம்பப் பிடிக்கும், அதான் பெருசாத் தெரியுது. அந்தச் சிவப்பு இதைவிட எத்தனையோ மடங்கு பலம்.”

“பொய்! சிவப்புதான் டம்மி. அதை மறைக்கத்தான் இப்படிச் சொல்றீங்க.”

“சரிலா, டம்மிதான்” என்று பச்சையை அணைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். ஒருமுறை கையில் கொடு என்று கேட்டேன். இரவல் பொருள், தரமுடியாது என்றான். ஆனால் அக்காவிடம் கொடுத்திருந்தான். அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் தினமும் சாமி மாடத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தச் சிவப்பு லேசர் கெட்டுப்போக வேண்டும்.

வருடக் கடைசியில் தோட்டத்து இளைஞர்கள் மண்டபத்தில் ஒரு விருந்து வைப்பார்கள். அதில் அண்ணன் வரிசையாகப் பலூன் வெடித்துக் காட்டுவதாக ஏற்பாடு ஆனது. பலகையில் இருந்ததை ஒரு அலுமினிய டார்ச்சின் கூட்டுக்குள் மாற்றினான். அந்த டார்ச் அப்பாவுடையது, காவல் வேலைக்கு எடுத்துப் போவது. அப்பாவே கொடுத்தார். நான் கேட்டால் தொடவிட்டதில்லை.

விருந்தன்று மத்தியானம் நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் மட்டும். அண்ணனும் அக்காவும் மண்டபத்தில் மேசை போட ஓடவேண்டியிருந்தது. அண்ணன் வாசலில் குடையை விரித்துக்கொண்டே திரும்பினான்.

“தம்பி, ஒரு உதவி செய்றியா? பேட்டரி ஒயரை மட்டும் முறுக்கி டேப் ஒட்டிடு. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அவ்வளவுதான்.”

அவன் என்னை ஒரு வேலை செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதை நீங்கள் நம்பவேண்டும்: அந்த நேரத்தில் என் பொறாமை எங்கே போனதென்று தெரியவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன். குழாயிலிருந்த செப்புக் கம்பியை எடுத்து என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். டார்ச்சிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர், பேட்டரிக் கூட்டிலிருந்து இரண்டு. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த மாதிரி இருந்தது. அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். மெதுவாக, அழகாக முறுக்கினேன். டேப் சுற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறெந்த வேலையும் செய்ததில்லை.

அவர்கள் நனைந்துகொண்டு வந்தார்கள். அண்ணன் டார்ச்சைக் கையில் எடுத்து, “சூப்பரா பண்ணிருக்கேடா” என்றான். பொத்தானை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினான். டேப்பைப் பிரித்துப் பார்த்தான். முகம் மாறியது.

“தலைகீழா குடுத்திருக்கான்” என்றான் மெல்ல. “செத்துப்போச்சு.”

அக்காதான் முதலில் பாய்ந்தாள். “நீ வேணும்னேதான் செஞ்சே! வந்த நாள்லேருந்து அவரைக் கண்டா ஆகல உனக்கு!”

“இல்லக்கா, சிவப்புக்குச் சிவப்புதான்...”

“சிவப்புக்குக் கறுப்பைக் குடுத்துட்டு வாயைப் பாரு! ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும்டா!”

அம்மா பிரம்பை எடுத்தார். அப்பா எழுந்து வந்து நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அண்ணன் தடுத்திருக்கலாம். அவன் செத்துப்போன டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். அவனும் நம்பிவிட்டான். நான் ஒரு கட்டத்தில் ‘நான் செய்யல’ என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேட்டது நடந்திருக்கிறது. தினமும் கேட்டவன் நான்தானே? என் மனசு கேட்டதை என் கை செய்துவிட்டதோ என்று அடியோடு அடியாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

மழைக்கோட்டோடு மாமா உள்ளே வந்தார். என்ன ஏதென்று கேட்டார். அம்மாவும் அக்காவும் அண்ணனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த ஒயர்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இப்படியும் அப்படியும் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார்.

“தம்பி, இதுல எது சிவப்பு?” என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் அவர் கேலி பேசுகிறார் என்று நினைத்தான். “என்ன மாமா...”

“விளையாடல. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

மாமா என்னைப் பார்த்தார். “உனக்கு?” என்றார்.

“எனக்கும்தான் மாமா” என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

மழை விட்டதும் அண்ணன் எங்கள் இருவரையும் வாசலுக்கு அழைத்துப் போனான். இருட்ட ஆரம்பித்திருந்தது. லயத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. அக்காவின் சாவிக்கொத்து லேசரை வாங்கி அதில் அடித்தான்.

“தெரியுதா?”

“எங்க?” என்றார் மாமா.

“தொட்டி மேல. நடுவுல.”

“ஒண்ணுமில்லயே தம்பி.”

அக்கா, அம்மா, அப்பா மூவரும் சிவப்புப் பொட்டு நிற்கிறது என்றார்கள். எங்கள் இருவருக்கும் வெறும் தொட்டி. பிறகு பச்சையை அடித்தான். “அதோ!” என்று மாமாவும் நானும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அண்ணன் மாற்றி மாற்றி அடித்தான். ஏமாற்றுவதற்காக லேசரை அணைத்துவிட்டும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம்.

“சிவப்பு பார்க்கற நரம்பு ரெண்டு பேருக்கும் வேலை செய்யல போல” என்றான். “அம்மா வழியா வரும்னு பயாலஜில படிச்சிருக்கேன். மாமாவுக்கு இருந்தா மருமவனுக்கும் வரலாம்.”

அம்மா பிரம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். மாமாவிடம்தான் கோபப்பட்டார். “ஏன்டா, இத்தனை வருசம் சொல்லல?”

“என்னான்னுக்கா சொல்றது? எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுது, எனக்குத்தான் கத்துக்க வரலன்னு நெனச்சேன்.” மாமா மழைக்கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். “குலை வெட்டறப்ப எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் பழுத்திருச்சும்பாங்க. எனக்கு மேல பார்த்தா எல்லாம் ஒரே கறுப்பு. கீழ உதிர்ந்து கெடக்கற பழத்தை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். மேட்டுல பக்கத்து மரத்துப் பழம் உருண்டு வந்து கெடக்கும். அதை நம்பி வெட்டிருவேன். கீழ விழுந்தா காய்.”

அம்மா உள்ளே போய்விட்டார். இரவுச் சாப்பாட்டில் என் சோற்றுக்கு அடியில் ஒரு பொரித்த முட்டை இருந்தது. அக்கா தன் முட்டையில் பாதியையும் பிய்த்து என் தட்டில் வைத்தாள். விருந்துக்கு யாரும் போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் அவன் மாமாவைப் பிடித்துக்கொண்டான். செம்பருத்தியைக் காட்டி இது எப்படித் தெரிகிறது, மிளகாய் எப்படித் தெரிகிறது, சாலை விளக்கில் எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் அலைந்தான். மாமா வாய் நிறையப் பதில் சொன்னார். அத்தனை வருடங்களில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மோட்டாரில் மாமாவின் பின்னால் அண்ணன் உட்கார்ந்தான். அவன் பின்னால் நான், சீட்டின் விளிம்பில்.

மண்டோரிடம் சொல்லவேண்டும் என்று சொன்னதும் அண்ணன்தான். மாமா வேண்டாம் என்றார். அவன் விடவில்லை. விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு மூவரும் போனோம். எல்லா ஆட்களும் நின்றார்கள். அண்ணன் விளக்கிச் சொன்னான். மண்டோர் நம்பவில்லை. லாரியோரம் கிடந்த இரண்டு குலைகளைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, “எதுப்பா பழம்?” என்றார். மாமா குனிந்து மோந்து பார்க்கப் போனார். “தொடாம சொல்லு.” மாமா நிமிர்ந்து நின்றார். பிறகு ஒன்றைக் காட்டினார். கூட்டத்தில் யாரோ “காயைக் காட்டறானே” என்று ‘ச்ச்’ கொட்டினார்கள்.

மண்டோர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “பாவி மனுசா, இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் உன்னைக் கள்ளன்னுல்ல நெனச்சேன்.”

“அப்ப திரும்ப வெட்டு வேலை குடுப்பீங்களா?” என்றான் அண்ணன்.

“எப்படி தம்பி குடுக்கறது? அதான் கண்ணு தெரியலன்னு நீயே சொல்றியே.”

பொய்க்காரன் என்று எடுத்த வேலையை, உண்மை தெரிந்த பிறகும் தரவில்லை. அன்று மத்தியானத்துக்குள் காய்வெட்டி என்ற பேர் போய் ‘குருட்டு மாமா’ என்ற பேர் வந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மாமா மோட்டாரை நிறுத்தி ஓரமாக உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

“குருடன்னா சொல்லிட்டுப் போறானுங்க” என்றார். “கள்ளன் இல்லன்னு ஆயிடுச்சுல்ல.” அப்புறம் அண்ணனின் தோளைத் தட்டினார். அவன் தோளைத்தான்.

விடுமுறை முடிந்ததும் அண்ணன் கிளம்பினான். அடுத்த மாதமே மாமாவும் கிளம்பினார். பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் மம்பாவில் டயர் கடை வைத்திருந்தார். “டயர் எல்லாமே கறுப்புத்தான்டா, எனக்கு ஏத்த வேலை” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பெரியப்பா வீட்டுப் பின்னறையில் தங்கினார். வருடம் போகப் போக அது அண்ணன் வீடானது. அண்ணன் கல்யாணம் செய்து, எலக்ட்ரானிக்ஸ் கடை போட்டு, பிள்ளை பெற்றான். மாமா அங்கேயே இருந்துவிட்டார். தீபாவளிக்கு எங்களைப் பார்க்க வருவார், சாயங்காலமே திரும்பிவிடுவார். அண்ணன் காரில்தான் வருவார், அண்ணன் காரில்தான் போவார்.

நான் எத்தனையோ தடவை, “எங்கூட வந்து இருங்க மாமா” என்று கேட்டேன். “உன் வீட்ல மாடி ஏறணும்டா” என்பார். என் ஃபிளாட்டில் லிஃப்ட் உண்டு. சொல்லியும் பார்த்தேன். சிரிப்பார்.

மாமா போன வருடம் போய்ச் சேர்ந்தார். காரியம் எல்லாம் அண்ணன்தான் செய்தான். சொந்த அக்கா மகன் நான் இருக்க, கொள்ளிக்குடம் அவன் தோளில் ஏறியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. அவன் வீட்டிலிருந்தவர், அவன்தான் பார்த்தான், அதில் பேச ஒன்றுமில்லை. நான் வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டுவிட்டு ஒதுங்கினேன். கூடத்தில் அவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும், மாமாவின் சட்டைகள் அவன் வீட்டுக் கொடியில் தொங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து பின்புறக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். மொட்டைத் தலை. எங்கள் இருவருக்கும் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“ஒண்ணு சொல்லட்டுமா தம்பி?” என்றான். “எனக்கு உன் மேல எப்பவுமே பொறாமைதான்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“இத்தனை வருசம் எங்க வீட்லதான் இருந்தாரு. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன், நான்தான் குளிப்பாட்டுனேன். ஆனா என் கடைக்கு எவன் வந்தாலும், ‘எனக்கு மருமவன் ஒருத்தன் இருக்கான், நான் பார்க்கறது அப்படியே அவனுக்கும் தெரியும்’னு அதையேதான் சொல்வாரு. அவரு என்ன பார்க்கறாருன்னு நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீ அவரை ஒரு கேள்விகூடக் கேக்க வேண்டியதில்ல.”

அவன் கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தோளையாவது தொட்டிருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் மெல்லியதாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. அதை அவன் வாயால் இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது.

“தண்ணிச் சத்தத்துல சரியாக் கேக்கல அண்ணே” என்றேன். “என்ன சொன்னீங்க?”